நீரிழிவும் கண்ணொளியும்

கொச்சி நகரின் மேற்குப் பகுதியில், மட்டாஞ்சேரியை அடுத்து, சுள்ளிக்கல் என்றோர் இடம் உண்டு. மிளகும் இஞ்சியும் கப்பலேறிய பழைய வாணிக வட்டாரம் அது. வாணிகத்தை நாடியும் கைத்தொழிலை நாடியும் பல மொழியினர் அங்கே வந்து குடியேறினர். கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் மலையாளத்தோடு கலந்து ஒலிக்கும் தெருக்கள் இன்றும் அங்கே உள்ளன. ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என வழங்கும் இடத்திலுள்ள துணி வெளுக்கும் கூடத்தில், தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பத்தார் தொழில் செய்து வருகின்றனர். பிற மாநிலங்களில் வாழும் தமிழரது நிலையைக் கூறுவதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு இவ்வட்டாரம்.

சுள்ளிக்கல்லில் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தை மனத்தில் எண்ணிக்கொள்வோம். குடும்பத் தலைவருக்கு வயது ஐம்பத்தைந்து. நீரிழிவு கண்டு பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மாத்திரையைத் தெருமுனை மருந்துக் கடையில் தவறாமல் வாங்கி உண்கிறார். செய்தித்தாள் படிக்கிறார், கடைக் கணக்கு எழுதுகிறார். “கண்ணைச் சோதித்துக்கொண்டீரா?” என்று கேட்டால், “கண்ணுக்கு ஒன்றுமில்லை, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்பது அவரது விடை. இத்தகைய விடையை டில்லியிலும், பம்பாய்த் தாராவியிலும், பெங்களூரிலும், கல்கத்தாவிலும் நாம் கேட்கலாம். பிறந்த ஊரின் மீது கொண்ட பற்றும், அங்குள்ள மருத்துவர் மீது கொண்ட நம்பிக்கையும் இதற்குக் காரணங்கள். அவை நல்ல காரணங்களே. எனினும் நீரிழிவினால் கண்ணுக்கு நேரும் கேடு ஊர்ப்பயணம் வரை காத்திருப்பதில்லை. அஃது ஏன் என்பதையும், அதனைத் தடுக்கும் வழிகளையும், பார்வை குறைந்த பின்னரும் செய்யக் கூடியவற்றையும் இங்கே எடுத்துரைப்போம்.

நாம் மருத்துவர் அல்லோம். மொழிபெயர்ப்புப் பணியில் உள்ளோம். ஆயினும் மருத்துவ உலகம் ஐயமறக் கண்டுள்ள செய்திகளை நம் மொழியில் நம்மவர்க்குச் சொல்லுதல் எம் கடன் எனக் கருதுகிறோம்.

நோயின் பரப்பு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடெங்கும் நிகழ்த்தப்பெற்ற ஆய்வொன்றின் முடிவுகள் 2023-ஆம் ஆண்டில் வெளியாயின. இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் மக்களுக்கு நீரிழிவு உள்ளது என்பது அதன் கணக்கு. இருபது வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு 11.4 பேர் இந்நோய் உடையவர். தமிழ்நாட்டில் இவ்வளவு 14.4 ஆகவும், கேரளத்தில் 25.5 ஆகவும் உள்ளது. அதாவது கேரளத்தில் வயது வந்தோர் நால்வரில் ஒருவர் நீரிழிவாளர்.

நீரிழிவாளர் எல்லோருக்கும் கண் கெடுவதில்லை. நாட்டின் பல மாநிலங்களில், நாற்பது வயதுக்கு மேற்பட்ட நீரிழிவாளரைச் சோதித்து 2022-இல் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, நூற்றுக்கு 12.5 பேருக்கு விழித்திரை நோய் இருந்தது; நூற்றுக்கு நால்வருக்கு அது பார்வையையே பறிக்கத்தக்க அளவில் இருந்தது. நூற்றுக்கு நான்கு என்பது சிறு எண்ணாகத் தோன்றலாம். கோடிக்கணக்கான நீரிழிவாளர் வாழும் நாட்டில் அது லட்சக்கணக்கான குடும்பங்களின் கதை என்பதை மறவாதிருப்போம்.

கண்ணினுள் நிகழ்வது யாது?

கண்ணின் பின்புறத்தில், உட்சுவரை மூடியவாறு மெல்லிய சவ்வு ஒன்று அமைந்துள்ளது. இதனை விழித்திரை என்பர். நாம் காணும் பொருளின் ஒளி வடிவம் இதன் மேல் விழுகிறது. விழித்திரை அதை நரம்புச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புகிறது. இத்திரையின் நடுவிலுள்ள சிறு பகுதி மாக்குலா எனப்படும். எழுத்தைப் படிப்பதும், முகத்தை அடையாளம் காண்பதும், ஊசியில் நூல் கோப்பதும் இச்சிறு பகுதியின் வேலை. சுற்றுப்புறப் பகுதி நடக்கும் வழியைக் காட்டுவது. மங்கிய ஒளியில் துணை நிற்பது.

விழித்திரைக்கு உணவூட்டும் இரத்தக் குழாய்கள் மயிரினும் நுண்ணியவை. இரத்தத்தில் சர்க்கரை பல்லாண்டு மிகுந்திருக்குமாயின், இக்குழாய்களின் சுவர் நலிகிறது. நலிந்த இடங்கள் சிறு கொப்புளம் போலப் புடைக்கின்றன, சில கசிகின்றன, சில அடைபட்டுப் போகின்றன. கசிந்த நீர் மாக்குலாவில் தேங்கினால் அது வீங்கும், எழுத்துகள் மங்கும், நேர்கோடு வளைந்து தோன்றும். குழாய்கள் அடைபட்ட இடத்திலோ விழித்திரை உயிர்க்காற்று இன்றித் தவிக்கிறது. தவிக்கும் திரை, புதுக் குழாய்களை வளரச் செய்யும் ஒரு பொருளைச் சுரக்கிறது. அதனால் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. அவை உதவுவதற்கு மாறாகக் கேடு விளைப்பவை. எளிதில் உடைந்து, கண்ணின் உள்ளே நிறைந்துள்ள தெளிந்த கூழில் இரத்தத்தைப் பெருக்குகின்றன. தழும்பாகி விழித்திரையை இழுத்துப் பெயர்க்கின்றன.

இங்கு நேயர்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். குழாய் நலிவதும், புடைப்பதும், கசியத் தொடங்குவதும், ஏன், புதுக்குழாய் முளைப்பதும்கூட வலியின்றியே நிகழும். கண் சிவப்பதில்லை, நீர் வடிவதில்லை. மாக்குலா தாக்கப்படும் வரையில், அல்லது இரத்தம் பெருகும் வரையில், அவர் செய்தித்தாளை எழுத்துப் பிசகாமல் படிப்பார். ஆகவே ‘எனக்குப் பார்வை நன்றாக உள்ளது’ என்பது கண் நலமாக உள்ளது என்பதற்குச் சான்று ஆகாது. ‘கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்’ என்னும் நம் பழமொழி இந்நோயைப் பொறுத்தவரை எழுத்துக்கு எழுத்து உண்மை.

விழித்திரை நோய் ஒன்றே அன்றி, நீரிழிவு வேறு வகையிலும் கண்ணை வருத்தும். கண்புரை நீரிழிவாளருக்கு முன்னதாகவே வருவதுண்டு. கண்ணழுத்த நோயும் சிலர்க்கு நேரும். சர்க்கரை ஏறியிறங்கும் நாட்களில் விழிவில்லை நீரேற்று உப்பிப் பார்வை மாறுவதும் உண்டு. இதனால் சர்க்கரை கட்டுப்படுமுன் புதுக் கண்ணாடி எழுதி வாங்குவோர் சில வாரங்களில் அது பொருந்தவில்லை என்று வருந்துவர். சர்க்கரை ஒரு நிலைக்கு வந்த பின் கண்ணாடிக்கு அளவெடுத்தல் நலம்.

யாருக்கு அபாயம் மிகுதி?

முதலாவது, நோயின் வயது. நீரிழிவு எத்தனை ஆண்டு பழையதோ அத்தனைக்கு விழித்திரை நோய் வரக்கூடிய வாய்ப்பு மிகும். சென்னை நகர மக்களிடையே நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவின் காலம் ஐந்தாண்டு கூடுந்தோறும் இந்நோயின் வாய்ப்பு 1.89 மடங்காக உயர்வதைக் கண்டனர். அதே ஆய்வில், நீரிழிவு இருப்பதே அப்போதுதான் கண்டறியப்பட்டவர்களிலும் நூற்றுக்கு ஐவர் போல விழித்திரை நோய் உற்றிருந்தனர். நீரிழிவு பல ஆண்டு ஓசையின்றி உடலில் தங்கியிருக்கக் கூடும் என்பதற்கு இது சான்று. நோய் தெரிந்த அன்றே கண்ணையும் சோதிக்க வேண்டும் என மருத்துவர் வற்புறுத்துவது இதனாலேயே.

இரண்டாவது, சர்க்கரையின் அளவு. ஒரு நாள் காலையில் எடுத்த அளவு அன்றைய நிலையை மட்டுமே காட்டும். சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. என்னும் பரிசோதனையே உண்மை உரைக்கும். மேற்கூறிய சென்னை ஆய்வில், இந்த அளவு இரண்டு சதவிகிதப் புள்ளி உயருந்தோறும் விழித்திரை நோயின் வாய்ப்பு 1.7 மடங்காயிற்று. பலருக்கு இதனை 7 சதவிகிதத்தை ஒட்டி வைத்திருக்குமாறு மருத்துவர் கூறுவர். முதியோருக்கும் பிற நோயுடையோருக்கும் அளவு வேறுபடலாம். சர்க்கரையைச் செவ்வனே கட்டுப்படுத்துதல் வீண் உழைப்பன்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 1993-இல் வெளியான பேராய்வு, இளமையிலேயே இன்சுலின் தேவைப்படும் வகையைச் சேர்ந்தோர் சர்க்கரையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியதால் விழித்திரை நோய் தோன்றும் வாய்ப்பு 76 சதவிகிதம் குறைந்ததை நிலைநாட்டியது.

மூன்றாவது, இரத்த அழுத்தம். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் ஒருவரிடம் சேர்ந்தால், நலிந்த குழாயின் மேல் நீரோட்டத்தை வேகமாக விட்டாற்போலாகும். இங்கிலாந்தில் 1998-இல் வெளியான ஆய்வில், அழுத்தத்தை நன்கு கட்டுப்படுத்தியவர்களிடம் விழித்திரை நோய் முற்றுவது 34 சதவிகிதமும், பார்வை வெகுவாகக் குறைவது 47 சதவிகிதமும் குறைந்தன. சர்க்கரை மாத்திரையை மறவாத பலர் அழுத்த மாத்திரையை ‘தலை சுற்றினால் போடுவது’ என எண்ணுகின்றனர். அது பிழை. அழுத்தமும் வலியின்றி வேலை செய்வதே.

நான்காவது, சிறுநீரகம். சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் கசிவது, உடலின் நுண்குழாய்கள் நலிந்துள்ளன என்பதற்கு அறிகுறி. அத்தகையவர் கண்ணையும் காலந்தாழ்த்தாது காட்டவேண்டும். கொழுப்பு மிகுதி, இரத்தச் சோகை, புகைபிடித்தல் ஆகியனவும் கேட்டினைப் பெருக்குவன.

ஐந்தாவது, கருவுற்ற காலம். நீரிழிவு முன்னரே உள்ள பெண்கள் கருவுற்றால், விழித்திரை நோய் விரைந்து முற்றக்கூடும். கருவுறுமுன்னும், கருவுற்ற முதல் மூன்று மாதத்திற்குள்ளும், பின்னர் மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் கண் பரிசோதனை இன்றியமையாதது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். நெடுங்காலம் மிகுந்திருந்த சர்க்கரையைப் புது மருந்தாலோ இன்சுலினாலோ திடீரெனக் குறைக்கும்போது, முன்னரே உள்ள விழித்திரை நோய் சிறிது காலம் முற்றுவதுண்டு. இதற்கு அஞ்சி மருந்தை விடுதல் கூடாது; காலப்போக்கில் கட்டுப்பாடே காக்கும். ஆனால் மருத்துவத்தைத் தீவிரமாக்குமுன் கண்ணைக் காட்டிவிடுதல் அறிவுடைமை.

இவையனைத்தும் நூல்கள் கூறும் காரணங்கள். பிற மாநிலத்தில் வாழ்வோர்க்கு நூலில் இல்லாத காரணம் ஒன்று உண்டு. அது தொடர்ச்சி அறுதல். மருத்துவம் ஒரு பாதி இங்கும் ஒரு பாதி அங்குமாகப் பிரிந்து, முழுமையாக அறிந்தவர் எவருமின்றிப் போவதே அது. வேலை மாறும், வீடு மாறும், பழைய சீட்டு பெட்டியடியில் கிடக்கும், புது மருத்துவரிடம் சொல்ல மொழி தயங்கும்.

சொல்லால் வரும் குழப்பம்

மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் இதுபற்றிச் சில சொல்ல விரும்புகிறோம். நாம் நீரிழிவு என்பதை மலையாளத்தார் ‘பிரமேஹம்’ என்பர், இந்தியில் ‘மதுமேஹ்’. கண்புரையை மலையாளத்தில் ‘திமிரம்’ என்பர். தமிழர் செவிக்கு அது செருக்கைக் குறிப்பதுபோல ஒலிக்கும். மருத்துவர் வைகிறாரோ என்றுகூட ஐயுறலாம். தெலுங்கில் அது ‘சுக்லம்’. கன்னடத்தில் ‘பொரெ’ என்பது நம் புரைக்கு நெருங்கிய சொல்லே.

இந்தியில் புரைக்கு ‘மோதியாபிந்த்’ என்று பெயர். கண்ணழுத்த நோய்க்கு ‘காலா மோதியா’ என்று பெயர். மராத்தியில் முன்னது ‘மோதிபிந்து’; பின்னது ‘காச்பிந்து’. ஒலியால் ஒன்றுபோல் தோன்றும் இவ்விரு நோயும் தன்மையால் வேறானவை. புரையினால் மறைந்த பார்வை அறுவையால் மீளும்; கண்ணழுத்த நோயால் போன பார்வை மீளாது. ‘மோதியா’ என்று காதில் விழுந்ததும், ‘முற்றட்டும், பிறகு அறுவை செய்துகொள்ளலாம்’ என்று இருந்துவிட்டால், இரண்டாவது நோயில் இழப்பு பெரிது. விழித்திரையை மலையாளத்தில் ‘திருஷ்டிபடலம்’ என்றும், இந்தி வழக்கில் ‘பர்தா’ என்றும் கூறுவர். ‘பர்தாவில் கோளாறு’ என்றால் கண்ணின் மேற்புறத்து மறைப்பு அன்று. உள்ளே உள்ள திரை என்று உணர்க. சொல் புரியாதவிடத்து, நோயின் பெயரைத் தாளில் எழுதித் தருமாறு கேட்பதில் வெட்கமில்லை. நம் நாட்டு மருத்துவச் சீட்டுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுவதால், அத்தாள் எம்மாநில மருத்துவர்க்கும் விளங்கும்.

பரிசோதனையும் மருத்துவமும்

எழுத்துப் பலகையைப் படிக்கச் செய்து கண்ணாடிக்கு எண் எழுதுவது விழித்திரைப் பரிசோதனை ஆகாது. கண்ணில் மருந்து விட்டு, அரைமணி நேரம் போலக் காத்திருந்து, கண்மணி விரிந்த பின், ஒளியைச் செலுத்தி உள்ளே நோக்க வேண்டும். இவ்வாறு உயிருள்ள கண்ணின் உள்ளே நோக்கும் கருவியை உலகறியச் செய்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், ஆண்டு 1851. மருந்து விட்ட பின் சில மணி நேரம் பார்வை மங்கி, வெயில் கூசும். அன்று வண்டி ஓட்டலாகாது. துணைக்கு ஒருவருடன் செல்வது நன்று.

இப்போது மருந்து விடாமலே விழித்திரையைப் படம் பிடிக்கும் கருவிகளும் வந்துள்ளன. கேரள அரசு திருவனந்தபுரம் மாவட்டத்தில் தொடங்கிய ‘நயனாமிர்தம்’ என்னும் திட்டம், குடும்ப ஆரோக்கிய நிலையங்களிலேயே இவ்வாறு படம் எடுத்து, தொலைவிலுள்ளோர் அதைப் பார்த்துச் சொல்ல வழி செய்தது. இத்தகைய படங்களைக் கணினியே ஆய்ந்து நோய் கண்டறியக் கூடும் என்று 2016-இல் வெளியான ஆராய்ச்சிக்கு, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூர் நாராயண நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் பயன்பட்டன என்பது நமக்குப் பெருமை.

எப்போது சோதிப்பது? முதுமையை ஒட்டி வரும் பொது வகை நீரிழிவினர் நோய் தெரிந்த உடனேயும், பின்னர் ஆண்டுக்கு ஒரு முறையேனும். இளமையில் இன்சுலின் தேவைப்படும் வகையினர் நோய் கண்ட ஐந்தாண்டுக்குள்ளும், பின்னர் ஆண்டுதோறும். நோய் காணப்பட்டால் மருத்துவர் குறிக்கும் குறுகிய இடைவெளியில்.

1976-ஆம் ஆண்டு இவ்வகையில் நினைவிற் கொள்ளத்தக்கது. அவ்வாண்டில்தான் இந்திய அரசு பார்வையின்மைத் தடுப்புக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கிற்று. அவ்வாண்டில்தான் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவினார். அவ்வாண்டில்தான், விழித்திரையில் ஒளிக்கதிர் கொண்டு சுட்டுச் செய்யும் மருத்துவம், முற்றிய நீரிழிவு நோயில் கடும் பார்வையிழப்பைப் பாதிக்கு மேல் குறைப்பதாக அமெரிக்க ஆய்வொன்று அறிவித்தது. லேசர் என வழங்கும் அம்மருத்துவம் இன்றும் பயன்படுகிறது. புதுக்குழாய்களை ஒடுக்கவும் மாக்குலா வீக்கத்தைத் தணிக்கவும் கண்ணினுள் செலுத்தும் ஊசி மருந்துகள் பின்னர் வந்தன. இரத்தம் பெருகித் தேங்கினாலும் திரை பெயர்ந்தாலும் அறுவை மருத்துவம் உண்டு.

இம்மருத்துவங்களைப் பற்றி இரண்டு உண்மைகளை அறிதல் வேண்டும். லேசரின் நோக்கம் உள்ள பார்வையைக் காப்பது, போனதை மீட்பதன்று. ‘லேசர் செய்தும் பார்வை கூடவில்லை’ என்று மனம் நொந்து மறுமுறை செல்லாதிருப்போர், காத்த பொருளையும் இழப்பர். மற்றொன்று, ஊசி ஒரு முறையோடு முடிவதன்று. முதலில் மாதந்தோறும், பின் இடைவெளி விட்டும் பல முறை தேவைப்படும். நடுவில் நிறுத்துவது கேடு. புதுக்குழாய் நோய்க்கு மருத்துவம் பெற்றுப் பின் பல மாதம் வாராது போனவர்களை ஆராய்ந்து 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஊசி மட்டும் போட்டு விட்டுச் சென்றவர் கண்கள், லேசர் செய்துகொண்டு சென்றவர் கண்களைவிட மிகக் கெட்டிருந்தன.

இது நம்மவர்க்கு நேரே பொருந்தும் செய்தி. மகள் திருமணம், திருவிழா, அறுவடை, வேலை மாற்றம் எனப் பல மாதம் ஊர் சென்று தங்க நேரிடுவோர், அதை மருத்துவரிடம் முன்னரே ஒளிக்காமல் கூறவேண்டும். ‘நான் தை மாதம் முதல் சித்திரை வரை திருநெல்வேலியில் இருப்பேன்’ என்று சொன்னால், எந்த மருத்துவம் ஏற்றது, அடுத்த ஊசியை அங்கே எப்படித் தொடர்வது என்று அவர் எண்ணிச் சொல்வார். சொல்லாதவர்க்கு அவ்வழி இல்லை.

ஒவ்வொருவரும் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்க. நீரிழிவு கண்ட ஆண்டு, ஹெச்.பி.ஏ.1.சி. அளவு, இரத்த அழுத்தம், சிறுநீரகச் சோதனை, உண்ணும் மருந்துகளின் பெயர், ஒவ்வாத மருந்து, கண் சோதித்த தேதி, மருத்துவர் கண்டது, அடுத்து வரச் சொன்ன தேதி ஆகியவற்றை அதில் எழுதுக. விழித்திரைப் படம் எடுத்தால் படியொன்று கேட்டுப் பெறுக. புது ஊரில் முதலில் அணுகவேண்டியது அருகிலுள்ள அரசு மருத்துவமனை. சுள்ளிக்கல் அன்பர்க்குக் கருவேலிப்படியிலுள்ள அரசுத் தாலுகா மருத்துவமனை அண்மையில் உள்ளது. விழித்திரைச் சோதனை எங்கே, எந்நாளில் என்று அங்கே கேட்டறியலாம். மருத்துவம் தொடங்க ஊர்ப்பயணம் வேண்டியதில்லை.

பின்வரும் குறிகள் தோன்றினால் நாள் பார்க்கலாகாது, அன்றே செல்க. கண்முன் திடீரெனக் கரும்புள்ளிகளோ நூல்களோ மிதத்தல். ஒருபுறம் திரை விழுந்தாற்போல் இருளுதல். கதவின் சட்டம் வளைந்து தெரிதல். ஒரு கண்ணின் பார்வை சட்டென மறைதல். இரு கண்ணாலும் நோக்கும்போது ஒரு கண்ணின் குறையை மறு கண் மறைத்துவிடும். ஆதலால் அவ்வப்போது ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் நாட்காட்டியைப் பார்க்கும் வழக்கம் நல்லது. அது பரிசோதனைக்கு ஈடன்று. பரிசோதனைக்கு விரைவிக்கும் மணி.

குறைபார்வை என்பது இருளன்று

இத்தனைக்குப் பின்னும் சிலர்க்குப் பார்வை குறையும். கண்ணாடியாலும் அறுவையாலும் திருத்த முடியாமல் எஞ்சி நிற்கும் மங்கிய பார்வையைக் குறைபார்வை என்கிறோம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதனைத் தனியே வரையறுத்துள்ளது. நல்ல கண்ணில், கண்ணாடி அணிந்த நிலையிலும், பார்வை 6/18-க்குக் கீழாக 3/60 வரை இருப்பதும், பார்வைப் பரப்பு 40 பாகைக்குக் குறைந்து 10 பாகை வரை சுருங்குவதும் குறைபார்வை ஆகும். 6/18 என்றால், நற்பார்வையுடையவர் 18 மீட்டரில் காண்பதை இவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் காண்பார் என்பது பொருள். இச்சட்டத்தின்கீழ் வழங்கப்படும் தனித்துவ அடையாள அட்டை நாடு முழுவதும் செல்லும். மாநிலம் மாறியதால் அது மதிப்பிழப்பதில்லை.

குறைபார்வை உடையவரைக் குருடர் என்று ஒதுக்குவதும், ‘இனி ஒன்றும் செய்வதற்கில்லை’ என்று மூலையில் அமர்த்துவதும் நம் வீடுகளில் நிகழும் பெருந்தவறு. எஞ்சிய பார்வையைப் பயன்படுத்தக் கற்பிக்கும் பிரிவுகள் பெரிய கண் மருத்துவமனைகளில் உள்ளன. கையில் ஏந்தும் உருப்பெருக்கிக் கண்ணாடி, கண்ணாடிச் சட்டத்தில் பொருத்தும் வில்லை, தொலைவைக் காட்டும் சிறு குழல், எழுத்தைப் பெரிதாக்கும் திரை எனப் பல துணைகள் உண்டு. கைத்தொலைபேசியே எழுத்தைப் பெரிதாக்கும். தமிழை உரக்கப் படித்தும் காட்டும்.

வீட்டிலும் செய்யத்தக்கன பல. படிக்கும் விளக்கைத் தலைக்கு மேல் அன்றி, தோளுக்குப் பக்கமாகப் புத்தகத்தின் மீது விழுமாறு வைக்கலாம். படிகளின் ஓரத்தில் வெண்மையோ மஞ்சளோ பட்டையாகப் பூசலாம். வெண்சோற்றை வெண்தட்டில் இடுவதைவிட வாழையிலையில் இட்டால் எளிதில் தெரியும். நம் முன்னோர் வழக்கம் இங்கே இப்படியும் பயன்படுகிறது. பொருளை எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கும் ஒழுங்கு வீட்டார் எல்லோர்க்கும் வேண்டும். விழித்திரையின் சுற்றுப்புறத்தில் லேசர் பெற்றவர்க்கு இரவுப் பார்வை குறையக்கூடும். கொல்லைப்புறத்திற்கு இரவில் விளக்கின்றி அனுப்பலாகாது.

குறைபார்வையோடு நீரிழிவும் உள்ளவர்க்கு இரு தனி இடையூறுகள் உண்டு. முதலாவது இன்சுலின் அளவு. நம் நாட்டில் 40 அலகு, 100 அலகு என இருவகை இன்சுலின் விற்கப்படுகிறது; அவற்றிற்குரிய ஊசிக் குழல்களும் வேறு. மங்கிய கண்ணுக்குக் கோடுகள் ஒன்றாகத் தெரிந்து, அளவு மிகுந்தால் உயிருக்கே இடர். அளவைச் சொடுக்கொலியால் எண்ணத்தக்க பேனா வடிவ ஊசி கிடைக்குமாயின் மருத்துவரைக் கேட்டு அதைப் பெறலாம். அல்லாதவர் வீட்டில் ஒருவர் கண்ணால் அளந்து தருதல் வேண்டும். இரண்டாவது பாதம். நீரிழிவில் பாதத்தின் உணர்ச்சி மழுங்கும். கண்ணும் மங்கினால் முள் தைத்ததும் தெரியாது, புண் பட்டதும் தெரியாது. ஆகவே நாள்தோறும் மற்றொருவர் பாதத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பேரப்பிள்ளை செய்யத்தக்க பணி இது.

பார்வை குறைந்தவர் மனம் குன்றுவதையும் வீட்டார் அறிந்திருத்தல் நலம். அயல் மாநிலத்தில், பேசத் தமிழ் கேட்காத தெருவில், பெயர்ப்பலகையும் படிக்க இயலாத முதியவர் வெளியே செல்லவே அஞ்சுவார். அவரை உடன் அழைத்துச் சென்று பேருந்து நிறுத்தத்தையும், கடையையும், கோயிலையோ பள்ளிவாசலையோ தேவாலயத்தையோ கால் பழகச் செய்தல், மருந்துக்கு நிகரான உதவி. தமிழ்ச் சங்கங்களும் இதில் பங்கு கொள்ளலாம். பொங்கல் விழாவுக்குக் கூடும் நாளில், உள்ளூர் மருத்துவமனையின் துணையோடு விழித்திரைச் சோதனைக்கும் ஒரு மேசை போடலாம். மொழி தெரிந்த இளைஞர் ஒருவர், தெரியாத முதியவருடன் மருத்துவமனைக்குச் சென்று வரலாம். செலவு சிறிது, பயன் பெரிது.

சுருங்கக் கூறின், நீரிழிவு கண்ணைக் கெடுக்கும் வழி அரவமற்றது. அதைத் தடுக்கும் வழி அரியதன்று. சர்க்கரையையும் அழுத்தத்தையும் அடக்கி வைத்தல், பார்வை தெளிவாக உள்ளபோதே ஆண்டுக்கொரு முறை விழித்திரையைக் காட்டல், தொடங்கிய மருத்துவத்தை இடையறாது தொடர்தல் ஆகிய இம்மூன்றும் சுள்ளிக்கல்லிலும் செய்யலாம், தாராவியிலும் செய்யலாம். நீரிழிவு உள்ள நேயர் ஒவ்வொருவரும் தாம் கடைசியாக விழித்திரையைக் காட்டிய தேதி யாது என்று இன்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். ஓராண்டைக் கடந்திருந்தால், அல்லது அத்தேதியே இல்லையென்றால், வாழும் ஊரிலேயே இவ்வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்வாராக.